கத்தாத எண்ணம்

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் அடுப்பு, பூட்டு, நேற்று சர்க்கரை மாத்திரை வாங்கிப் போன வாத்தியார் எல்லாரும் வரிசையில் வந்து நின்றார்கள். எங்கள் மருந்துக்கடையில்கூட இவ்வளவு கூட்டம் கிடையாது.

"எண்ணத்தை விரட்டாதீங்க. 'கவலை'ன்னு பேர் சொல்லி அனுப்பிடுங்க" என்கிறார் தியான வகுப்பு அக்கா. அனுப்பினால் போகிற ஆளா அது?

போன மாதம், மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று சந்தேகப்பட்டு ஒரு வாடிக்கையாளருக்குப் போன் செய்தேன். கொடுத்தது சரியான மருந்துதான்; ஆனால் அவர் பயந்துபோய் கடைக்கே வந்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படிப் பண்ணா வேலைக்கு வர வேண்டாம்" என்றார் முதலாளி. அதனால்தான் இந்த வகுப்பே.

ஜூன் 4, புதன்

கவலை, கவலை, கவலை. பேர் வைத்ததுதான் மிச்சம்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் அதிசயமாக மனசு அடங்கியது. நடுவில் ஒன்று மட்டும் வந்தது: நேற்று பஸ் டிரைவருக்குக் கண் சொட்டு மருந்து கொடுத்தேனே, சரியாகக் கொடுத்தேனா? 'கவலை' என்றேன். போய்விட்டது. பெருமையாக என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பரவாயில்லையே, தேறிட்டே" என்று சிரித்தார்.

மதியம், கடையில் —

மறுபடி வருகிறது. படபடப்பே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அவசரத்தில் கவர்களில் முதலில் எது எதற்கு என்று எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் மருந்தைப் போடுவேன். டிரைவர் பக்கத்தில் ஒரு பெண் காது சொட்டு மருந்துக்கு நின்றாள். இரண்டு கவர். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு பாட்டில். மாற்றிப் போட்டிருந்தால் ஸ்டாக் பார்த்தும் தெரியாது, இரண்டிலும் ஒன்றுதான் குறைந்திருக்கும்.

போன் பண்ணினால் வேலை போகும். பண்ணாவிட்டால் அந்த மனுஷன் கண்ணு? ஐயோ, எதை நம்புறது நான்?

மாலை —

பில்லில் நம்பர் இருந்தது. முதலாளி எதிரிலேயே பண்ணினேன்.

"நேத்து டூட்டி முடிஞ்சு அசந்து தூங்கிட்டேன்மா. இப்பதான் மூடியைத் திறக்கப் போறேன்."

பாட்டில்மேல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் படிங்கண்ணே என்றேன்.

"காதுக்குன்னு போட்டிருக்கு."

போனை முதலாளி வாங்கிப் பேசினார். அந்தப் பெண்ணையும் கூப்பிட்டு இரண்டையும் மாற்றிக் கொடுத்தோம். எனக்குத் திட்டு விழவில்லை. "இனிமே மருந்தைப் போட்டுட்டு எழுதும்மா" என்றார், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வழக்கமான கவலையெல்லாம் கத்திக்கொண்டு வரும், நெஞ்சு அடித்துக்கொள்ளும். இது மெதுவாக, ஒரே விஷயத்தைச் சொன்னது. அதைத்தான் அனுப்பிவிட்டேன். இவர் முதுகைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 9, திங்கள்

உட்கார்ந்தேன். பேர் வைக்கவில்லை. எந்த எண்ணம் எப்படிப் பேசுகிறது என்று கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். எல்லாம் கத்தல்.

ஜூன் 16, திங்கள்

படியிறங்கும்போது, அடுப்பை அணைச்சேனா என்று இவரிடம் கேட்டேன். எப்போதும் 'விடு' என்பவர், இன்று நின்று கேட்டார்: "கத்துதா, மெதுவாச் சொல்லுதா?"

படியிலேயே கண்ணை மூடிப் பார்த்தேன். "கத்துது."

"அப்ப வா, பஸ் வந்துரும்."

அது கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் போனேன்.