நீக்கப்பட்ட கட்டுரை

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீயும் மாப்பிள்ளையும் குளிரில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதீர்கள்.

நீ என்னைச் சேர்த்துவிட்ட இணைய வாசிப்புக் குழுவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். தினம் ஒரு நீளமான கட்டுரை, அதைப் படித்துவிட்டுப் பேச ஆயிரம் பேர். 'வேலை வெட்டி இல்லாதவர்கள்' என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது மதியச் சாப்பாட்டை மோட்டார் அறைக்கே கொண்டுபோய், லிஃப்ட் மேலும் கீழும் ஓடுகிற சத்தத்தில் படிக்கிறேன். கண்ணிவெடி எடுக்கிற பெண்களைப் பற்றிய கட்டுரையை முடிப்பதற்குள் சோறு காய்ந்துபோயிற்று. அவர்களில் ஒருத்தியோடு ஒரு நாள் வேலை பார்த்துவிட்டு வந்தது போல இருந்தது.

குழுவில் என் பெயர் 'லிஃப்ட்காரர்'. மேலாளர் என் மகள் என்று யாரிடமும் பீற்றிக்கொள்ளவில்லை. போனில் 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்று கேட்டுவிட்டு வைத்துவிடும் மேலாளர், அங்கே மட்டும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். இருக்கட்டும்.

உன் மாமா இன்னும் பேசவில்லை. கடைத்தெருவில் பார்த்தேன், எதிர்ச் சாரிக்குப் போய்விட்டார்.

சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுரையாவது தேடிப் போட வேண்டுமாமே. நானும் தேடுகிறேன்.

அன்புடன்,
அப்பா


மார்ச் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடமும் வாசித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தார். மோட்டார் அறையில் சாப்பிடாதீர்கள், எண்ணெய் வாடை வயிற்றுக்கு ஆகாது.

நீங்கள் கட்டுரை தேடுவது சந்தோஷம். ஆனால் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். கடல், பறவை, பழைய பாலங்கள் என்று எவ்வளவோ இருக்கிறது. ஆஸ்பத்திரி, கோர்ட்டு மாதிரி கனமானவை உங்களுக்கு வேண்டாமே அப்பா. தூக்கம் கெடும்.

மாமாவை விடுங்கள். அவருக்குக் கோபம் என்றால் ஏன் என்றாவது சொல்ல வேண்டாமா?

உங்கள்,
பாப்பா


மார்ச் 19

பாப்பாவுக்கு,

கட்டுரை ஒன்று கிடைத்தது. உனக்கு அனுப்பாமல் நேரே குழுவில் போட்டேன். 'இது ஏற்கெனவே பகிரப்பட்டு, மேலாளரால் நீக்கப்பட்டது' என்று வந்தது. கீழே தேதியும் உன் பெயரும் இருந்தன. அம்மா போய் ஒரு மாதம்கூட ஆகாத தேதி.

கட்டுரை, அம்மா கடைசியாக இருந்த ஆஸ்பத்திரியைப் பற்றியது. அதே மாடி, அதே வார்டு. ட்ரிப்ஸ் பாட்டில்களில் கிருமி இருந்திருக்கிறது. தெரிந்த பிறகும் மிச்சத்தை ஏற்றித் தீர்த்திருக்கிறார்கள். அந்த ஒரு வாரத்தில் போன பன்னிரண்டு பேரில் பதினொரு குடும்பத்தைக் கண்டுபிடித்திருக்கிறார் அந்த நிருபர். பன்னிரண்டாவது யாரென்று தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். நாம்தான்.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று காலையிலேயே அம்மா போன் பண்ணினாள், வயிற்று வலி என்று. நான் பழுது பார்க்கிற ஒரு கட்டிடத்தில் லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆட்கள் மாட்டியிருந்தார்கள். 'இதோ வர்றேன்' என்றேன். போய்ச் சேரும்போது சாயங்காலம். நாலாம் நாள் டாக்டர் வெளியே வந்து, "கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற உன் மாமா அதைக் கேட்டார். "எங்கக்காவைக் கொன்னுட்டீங்களே அத்தான்" என்றார். உண்மைதானே என்று நினைத்தேன். இரண்டு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுரையின் பாதியில் ஒரு பத்தி. பதினொரு குடும்பத்திடமும் ஆஸ்பத்திரி ஒரே வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறது. 'கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணும்.' முதல் நாளே சேர்த்தவர்களிடமும் அதையேதான்.

விசாரணை போன வருஷமே முடிந்துவிட்டதாம், கட்டுரைக்குக் கீழே பிற்பாடு சேர்த்த குறிப்பில் இருந்தது.

நீ இதைப் படித்தாயா?

அப்பா


மார்ச் 21

அப்பா,

படித்தேன். போனை நீங்கள் எடுக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

குழுவில் யாரோ ஒருவர் அதைப் போட்டிருந்தார். ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். வார்டின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டுரைக்குக் கீழே எல்லோரும் எழுத ஆரம்பித்திருந்தார்கள். 'என்ன அருமையான நடை' என்றார் ஒருவர். 'முடிவு கொஞ்சம் இழுவை' என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நாங்கள் எல்லாக் கட்டுரைக்கும் அப்படித்தான் பேசுவோம். ஆனால் அது நம் அம்மா. என்னால் தாங்க முடியவில்லை. நீக்கிவிட்டேன்.

முதலில் எனக்காக நீக்கினேன். பிறகு உங்களுக்காக என்று சொல்லிக்கொண்டேன். 'அப்பா இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார், அம்மாவை அநியாயமாகச் சாகவிட்டார்கள் என்று தெரிந்தால் படுத்துவிடுவார்' என்று. அடுத்த மாதம் சொல்வோம், அடுத்த விடுமுறைக்குச் சொல்வோம் என்று தள்ளிப்போட்டேன். விசாரணை நடந்ததும் தெரியும். நீங்கள் சாட்சிக் கூண்டில் நிற்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த வாக்கியத்தையும் படித்தேன். உங்களிடமும் அதைச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது அப்பா. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தயவுசெய்து போனை எடுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 2

பாப்பாவுக்கு,

கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு உன் மாமா வீட்டுக்குப் போனேன். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே கொடுத்தேன், நின்றபடியே படித்தார். அந்த வாக்கியம் வந்த இடத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "அத்தான், நான் உங்களை என்னென்னவோ..." என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அத்தை தண்ணீர் கொண்டு வந்தாள்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரியாது.

உனக்குத் தெரியும்.

நான் படுத்துவிடுவேன் என்று நினைத்தாய். நான் எழுந்தே இருக்கவில்லை பாப்பா. நடமாடினேன், அவ்வளவுதான்.

நிருபரோடு பேசினேன். விசாரணையில் இனி ஒன்றும் ஆகாது என்றார், ஆனாலும் பன்னிரண்டாவது பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார். அந்தக் கட்டுரையைக் குழுவில் திரும்பப் போடு. நடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும்.

கொஞ்ச நாளைக்குப் போன் பண்ண வேண்டாம். மாத்திரை போடுகிறேன், சாப்பிடுகிறேன்.

அப்பா


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. பதில் வரும் என்று எதிர்பார்த்து எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்.

கட்டுரையை அன்றே திரும்பப் போட்டுவிட்டேன். மேலாளர் பொறுப்பையும் விட்டுவிட்டேன். இப்போது நானும் மற்றவர்களைப் போல வெறுமனே படிக்கிறவள். உங்கள் எழுத்தை அங்கேதான் படிக்கிறேன். அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதியதற்குக் கீழே நடை அது இது என்று யாரும் பேசவில்லை.

நேற்று ஒரு பெண், அதே வார்டில் கணவரை இழந்தவர், உங்களிடம் நிறையக் கேட்டிருந்தார். தூக்கம் வருகிறதா, வீட்டில் இருக்கும் கணவரின் துணிமணிகளை என்ன செய்வது, அந்த டாக்டரை எங்காவது பார்த்தால் என்ன பண்ணுவீர்கள் என்று. ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக, நீளமாகப் பதில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் புடவைகளை இன்னும் மடித்து வைத்திருப்பது எனக்கே அதைப் படித்துத்தான் தெரிந்தது.

கடைசியாக அவர், 'உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?' என்றும் கேட்டிருந்தார்.

அதற்கு மட்டும் நீங்கள் பதில் எழுதவில்லை. விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து இன்று காலையிலிருந்து திறந்து திறந்து பார்க்கிறேன்.

உங்கள்,
பாப்பா