புத்தகப் பிரச்சினை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நேற்று இங்கே நூலக இணையதளங்களைப் பற்றிய கருத்தரங்கு. நான் வடிவமைத்த தளத்தைத் திரையில் காட்டினேன். தமிழ்ப் பக்கத்தைக் கணினியே மொழிபெயர்த்திருந்தது. நான் வாசித்துப் பார்க்கவில்லை. ‘புக் இஷ்யூ’ என்ற பொத்தான் ‘புத்தகப் பிரச்சினை’ ஆகியிருந்தது.

“புஸ்தகத்துக்கு என்னப்பா பிரச்சினை?” என்றார், இங்கே தமிழர்கள் அதிகம் வாழும் வலியசாலையிலிருந்து வந்த நூலகர் கௌசல்யா. எல்லோரும் சிரித்தார்கள்.

“எனிக்கு தமிழ் வாயிக்கான் அறியில்ல” என்று, தமிழ் வாசிக்கவே தெரியாதவனைப் போல மலையாளத்தில் சொல்லிவிட்டேன்.

நம்மூர் நூலகத்தில் முப்பது வருடம் உங்கள் தலைக்குமேல் தொங்கிய ‘நூல் வழங்குமிடம்’ பலகையைப் பார்த்துத்தான் நான் எழுத்துக்கூட்டப் பழகினேன்.

மற்ற பொத்தான்களுக்கும் நல்ல சொற்கள் வேண்டும். தட்டச்சு வேண்டாம், உங்கள் கையெழுத்திலேயே அனுப்புங்கள். வாசித்துவிடுவேன்.

பேருந்து வந்துவிட்டது, முடிக்கிறேன்.

மகன்,
ஆதர்ஷ்