மாஸ்டருக்குப் போன ஏனுங்க

கராத்தே வகுப்புக்குப் போகும் என் மனைவிக்கு,

நேரில் சொன்னால் சிரிப்பாய். அதனால்தான் இதை உன் வெள்ளை உடுப்புப் பைக்குள் வைக்கிறேன்.

"கராத்தேக்குப் பொம்பளைங்களும் கொழந்தைங்களும் போங்க, நொம்ப தைரியம் வரும்" என்று நம் மிளகுக் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னவன் நான்தான். கூச்சப்பட்ட உன்னையும் மகளையும் வற்புறுத்தி அனுப்பியவனும் நான்தான். தைரியம் வந்தது, சந்தோஷம். கூடவே பேச்சுக்குப் பேச்சு மாஸ்டரும் வருவார் என்று நினைக்கவில்லை. காப்பிக்குச் சர்க்கரை கேட்டால்கூட, "மாஸ்டரு வேண்டாம்னாருங்க" என்கிறாய்.

நேற்று ஏரிக்கரையில் அவரைக் கண்டதும், "ஏனுங்க மாஸ்டர், நில்லுங்க!" என்று ஓடினாய். பக்கத்தில் நானும்தான் நின்றேன். பஸ் கண்டக்டரையும் நீ ஏனுங்க என்றுதான் கூப்பிடுவாய், தெரியும். ஆனால் என்னை அப்படிக் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று? "அப்பாவச் சோறு திங்கக் கூப்புடு கண்ணு" என்று மகளை அனுப்புவதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், கையைப் பிடித்து இழுக்கும் வம்பனாக நடிக்க ஓர் ஆள் வேண்டுமாமே? மாஸ்டரே உன் கையைப் பிடிப்பதாக இருந்தது என்று மகள் சொன்னாள். அவருக்கு எதற்குச் சிரமம்? நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

தயங்காமல் என்னைத் தூக்கிப் போடு. முதுகு போனாலும் பரவாயில்லை. நான் விழுந்து கிடக்கும்போது மட்டும், மாஸ்டர் காதிலும் விழுகிற மாதிரி, "ஏனுங்க, அடி பட்டுருச்சுங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிடு.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை மட்டும் உன் எதிரி