உங்களுக்கும் அதேதாங்க

தஞ்சாவூர்,
12.8.1998

அன்புள்ள செல்லதுரைக்கு,

பிரகதாம்பாள் எழுதுவது. நான் சுகம். லாரி ஓட்டுகிற அலைச்சலில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

வேம்புக்குத்தான் சுகமில்லை. என்னோடு இதே தொழில் செய்கிறாளே, அவள். போன வாரம் வந்த லாரி டிரைவரிடம், "ஆணுறை போட்டாத்தான்" என்றிருக்கிறாள். முகத்திலேயே குத்திவிட்டான். முன்பல் போயிற்று. கஞ்சிதான் குடிக்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

எய்ட்ஸ் தடுப்புச் சங்கத்தில் எங்களுக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். வருகிற ஆண்களுக்கு யார் சொல்வது? நான் சொன்னால் சிரிக்கிறார்கள். நீங்கள் ஐந்து வருடமாக என்னிடம் வருகிறவர். ஒருநாளும் குடித்துவிட்டு வந்ததில்லை, மரியாதை குறைத்துப் பேசியதில்லை. லாரி ஸ்டாண்டில் நீங்கள் எடுத்துச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
பிரகதாம்பாள்


விஜயவாடா,
3.9.1998

அன்பு பிரகதாவுக்கு,

லோடு இறக்கக் காத்திருக்கிறேன். நம் ஊர் டிரைவர்கள் டீக்கடையில் கூடியிருந்தபோது பேச்சை எடுத்தேன். "அவங்க வேணாம்னா வேணாம். கை நீட்டக் கூடாது. உறை இல்லாமப் போகக் கூடாது" என்றேன்.

"என்னப்பா, அவளுகளுக்கு நீ வக்கீலா?" என்றான் பஞ்சநதம். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் விடவில்லை. "பல்லு உடைஞ்சு ஒருத்தி கஞ்சி குடிச்சிட்டுக் கெடக்கா" என்றேன். சிரிப்பு நின்றது.

எனக்குக் குவைத் விசா வந்துவிட்டது. போகுமுன் உன்னைப் பார்க்க வருவேன். ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. நமக்குள் உறை எதற்கு? நானும் வருகிறவன் போகிறவனா?

உன்
செல்லதுரை


தஞ்சாவூர்,
28.9.1998

செல்லதுரை அவர்களுக்கு,

நேற்று நீங்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"உங்களுக்கும் அதேதாங்க" என்று நான் சொன்னதும், "இவ்வளவு பழகியும் என்னை நம்பலையா?" என்று கையைப் பிடித்தீர்கள். "வேணாங்க, விடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் விட்டீர்கள். உங்களுக்குப் போட்டுவைத்த சோற்றுத் தட்டை உதைத்துவிட்டுப் போனீர்கள். அடுத்த அறையில் வேம்பு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "இவருமா அக்கா?" என்றாள்.

நீங்கள் அடிக்கவில்லை. அதற்கு நன்றி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. கோபமும் வரவில்லை. மணிக்கட்டு வலிக்கிறது, அவ்வளவுதான்.

குவைத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் எங்களைப் போன்றவர்கள் இருப்பார்கள். டீக்கடையில் சொன்னதை உங்களோடு தங்குகிறவர்களிடமும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்கிறார்கள்.

என்னிடம் மட்டும் இனி வர வேண்டாம்.

பிரகதாம்பாள்