சங்கு ஊதட்டும்

மகியங்கனை
2.5.1994

அன்புத் தம்பி அழகையாவுக்கு,

இறைவன் அருளால் நானும் மஸீனாவும் சுகமாக வந்து சேர்ந்தோம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கெலிஓயா மழையை இத்தனை காலம் திட்டியதற்கு இப்போது அனுபவிக்கிறேன். நல்லம்மா எப்படி இருக்கிறாள்?

மாற்றலாகி வந்த அவசரத்தில் உன்னிடம் ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். அணைக் கதவைத் திறக்குமுன் நான் பாலத்தில் நின்று வெள்ளைத் துவாயை வீசுவேன். நீ ஆற்று நடுவே ஆமைப் பாறையிலிருந்து தூண்டில் கம்பை உயர்த்திக் காட்டிவிட்டுக் கரையேறுவாய். அதன் பிறகுதான் நான் கதவில் கை வைப்பேன். புதிதாக வந்திருப்பவர் எச்சரிக்கைச் சங்கை நம்பித்தான் கதவைத் திறப்பார். பாறைக்குப் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் அந்தச் சங்கு ஊதாது தம்பி. பழுதாகி வெகு காலம். சுவிட்சைப் போட்டால் மேலே சிவப்பு விளக்கு மட்டும் எரியும். தண்ணீர் இரைச்சலில், கீழே ஊதியதா இல்லையா என்று மேலே நிற்பவனுக்குத் தெரியாது.

ஆகவே இனி பாறையில் உட்காராதே. கரையிலிருந்தே போடு. உன் மேல் ஆணை.

உன் நானா,
லாபிர்

கெலிஓயா
15.5.1994

மதிப்புக்குரிய நானாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லம்மா வாசிக்கச் சொல்லிக் கேட்டு, என் தூண்டிலை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். கெஞ்சித்தான் வாங்கினேன். இப்போது கரையில் உட்கார்ந்து இரைக்கு உருட்டிய பாண் மாவைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருக்கிறேன். திலாப்பியா மீனெல்லாம் பாறைக்குப் பக்கத்து ஆழத்தில் கொழுத்துப்போய்க் கிடக்கின்றன. உங்கள் புண்ணியம்.

நீங்கள் துவாய் வீசுவதால் சங்கு வேண்டாம் என்று நிறுத்திவிட்டீர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன். புது ஆள் பெயர் இராமகிருஷ்ணன். குண்டசாலைப் பக்கம் வீடு, தாயும் மகனும்தான். நல்ல பிள்ளை, வாய் நிறைய "அண்ணே, அண்ணே" என்று கூப்பிடுகிறான். நீங்கள் மறந்துவிட்டுப் போன துவாய் என்னிடம்தான் இருக்கிறது. அதை அவனிடம் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிடவா?

தம்பி,
அழகையா

மகியங்கனை
24.5.1994

அன்புத் தம்பி,

இப்போதைக்கு யாரிடமும் சொல்லாதே. மேலிடத்திலிருந்து வந்து கேட்கும்போதெல்லாம் "சங்கு நல்லா இருக்கு" என்று சொன்னவன் நான். பழுதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் என்ன செய்தாய் என்று கேட்பார்கள் என்ற பயம். துவாய் இருக்கிறதே என்று நாளைக் கடத்திவிட்டேன். ஓய்வு பெற எனக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான். இந்த நேரத்தில் விசாரணை என்று வந்தால் மஸீனா தாங்கமாட்டாள்.

நானே அலுவலகத்துக்கு எழுதிச் சரிசெய்யச் சொல்கிறேன். நீ கரையில்தானே இருக்கிறாய். உன்னைத் தவிர அந்தப் பாறைக்கு யார் போகிறார்கள்?

அன்புடன்,
லாபிர்

கெலிஓயா
19.6.1994

அன்பு நானா,

எழுதிவிட்டீர்களா? இன்னும் யாரும் வந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது அந்தப் பாறைக்குப் போகிற ஆள் ஒருவன் இருக்கிறான். இராமகிருஷ்ணனுக்குத் தூண்டில் ஆசை பிடித்துவிட்டது. தங்கூசி நரம்பில் முடிச்சுப் போட நான்தான் பழக்கினேன். லீவு நாளில் வந்து நேரே ஆமைப் பாறையில் ஏறிக்கொள்கிறான். அன்றைக்கு மேலே வேறொருவர் வேலைக்கு நிற்கிறார். "அதுல உக்காராதீங்க தம்பி, வழுக்கும்" என்றேன். சிரிக்கிறான். "சங்கு ஊதினா ஏறி வந்துருவேன்ணே. நான் தெனம் போடுற சுவிட்சுதானே" என்கிறான்.

எனக்குத் தொண்டை வரை வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் எழுதியதால் விழுங்கிவிட்டேன். மேலே மலைத் தோட்டங்களில் மழை பிடித்துவிட்டது. தண்ணீர் நிறம் மாறுகிறது. நான் சொல்லட்டுமா, வேண்டாமா? ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அழகையா

மகியங்கனை
28.6.1994

அன்புத் தம்பி,

எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. அலுவலகத்தில் யார் கையில் போய்ச் சேருமோ என்று பயமாக இருக்கிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊர் வந்தபோது உன்னைப் பார்க்காமல் திரும்பியதும் இதனால்தான்.

அடுத்த மாதம் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன். அதுவரை பொறு. அந்தப் பிள்ளையை ஏதாவது சொல்லிக் கரைக்குக் கூப்பிட்டுக்கொள். நீ கெட்டிக்காரன்.

லாபிர்

கெலிஓயா
12.7.1994

லாபிர் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை இராமகிருஷ்ணன் போய்விட்டான்.

காலையில் வெயில் அடித்தது. மழை எல்லாம் மேலே. நான் கரையில், அவன் பாறையில். முதலில் சேற்று வாசம் வந்தது. தூண்டில் மிதப்பு மேலும் கீழும் ஆடியது. எழுந்து நின்று, "ஏறி வாங்க தம்பி, தண்ணி வருது" என்று கத்தினேன். அவன் கையை உயர்த்தி, "சங்கு ஊதட்டும்ணே, வர்றேன்" என்றான். "அது ஊதாது" என்று அப்போதுதான் சொன்னேன். இரைச்சலில் அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு பாறை தெரியவில்லை.

மறுநாள் மூங்கில் புதரில் கிடந்தான். நான்தான் அடையாளம் காட்டினேன். தூண்டில் கயிறு மணிக்கட்டில் சுற்றியிருந்தது. நான் பழக்கிய முடிச்சு, அவிழவில்லை. அறுத்துத்தான் எடுத்தார்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. என் மேல் அதைவிட அதிகம். நான் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் நீங்களே வந்து சொல்லிவிட்டால் உங்களுக்கு நல்லது. வராவிட்டாலும் நான் சொல்வேன். துவாயை நல்லம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் உட்காரச் சொல்லமாட்டேன், குறை நினைக்க வேண்டாம்.

செத்த வீட்டில் அவன் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்டாள்: "அவன்தானேப்பா சங்கு போடுறவன். அவனுக்கு எப்புடிக் கேக்காமப் போச்சு?"

வெள்ளிக்கிழமை விசாரணையில் அவளும் இருப்பாள்.

இப்படிக்கு,
மு. அழகையா