மிதித்ததற்கும் நகர்ந்ததற்கும் நடுவே

தெவின்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஸ்தோயிலுக்கு ஸ்லாட்கா எழுதுவது,

நானும் பிள்ளைகளும் சுகம். ஸ்பெயினில் இப்போதே வெயில் ஆரம்பித்துவிட்டதாமே? அந்தத் தக்காளிக் கூடாரத்துக்குள் எப்படித்தான் நிற்கிறாயோ. தண்ணீர் நிறையக் குடி. போனில் நான் வாயைத் திறந்தாலே "லாரியைப் பத்தி மட்டும் பேசாத" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதை நடுவில் வைத்துவிட மாட்டாய் என்று நம்புகிறேன்.

ஆமாம், லாரியைப் பற்றித்தான். நீ விற்கச் சொன்னாய், நான் விற்கவில்லை. இலையுதிர்காலத்திலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளைப் பிளோவ்திவ் மண்டிக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். உன் தம்பி மின்ச்சோ முதல் நாள், "அண்ணி, வீட்டுக்கு ஒரு விபத்து போதாதா?" என்றான். நான் லாரிக் கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினேன்.

அன்றைக்கே எனக்கும் அது நடந்தது. உனக்கு விபத்து நடந்த அதே இடம்தான். நம் ஊர்ச் சாலை நெடுஞ்சாலையில் ஏறுமே, அந்த முனை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தேன். லாரி மூக்கை மட்டும் சாலைக்குள் நீட்டிவிட்டு, அப்படியே யோசித்துக்கொண்டு நின்றது. என் கால் தரைவரை அழுத்தியிருந்தது. பிறகுதான், ஏதோ நினைவு வந்ததுபோலப் பாய்ந்தது. நல்ல வேளை, எதிரே யாரும் வரவில்லை. உன் விபத்தன்றைக்கு ரொட்டிக்கடை ரங்கேலின் வேன் வந்து மோதியது.

"மிதிச்சேன், போகல" என்று நீ போலீஸில் சொன்னபோது மின்ச்சோ சிரித்தான். "ஏண்ணே, வண்டிக்கு மூடு வரணுமா?" என்றான். கொஞ்ச நாளில் நீயே, "என் காலுதான் மரத்துப்போச்சு போல" என்று சொல்லத் தொடங்கினாய். அதன் பிறகு நீ எந்த வண்டியையும் தொடவில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. என் காலுக்கும் அதே இடத்தில் மரத்துப்போகுமா என்ன?

காலி மாட்டுச் சந்தைத் திடலில் போய் ஓட்டிப் பார்த்தேன். வெறும் வண்டியில் ஒரு மாதிரி, மூட்டையோடு வேறு மாதிரி. மெதுவாக மிதித்தால் சமாளிக்கிறது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று மிதித்தால்தான் அந்த யோசனை. பிள்ளைகள் என்னைப் பைத்தியம் என்றார்கள். எனக்கோ சுவாரசியம் தாங்கவில்லை.

மெக்கானிக் கமெனிடம் கேட்டேன். "இதுக்கு முன்னாடி நீங்க வச்சிருந்த பழைய லாரியில மிதியிலேருந்து இன்ஜினுக்குக் கம்பி போகும்மா. காலு மிதிச்சா கம்பி இழுத்து உடனே எரிபொருளைத் திறந்துவிடும். இதுல கம்பி கிடையாது. உங்க காலு மனு போடும், கம்ப்யூட்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும்" என்றான். கரும்புகை வராமல், வண்டி குலுங்காமல் இருக்க அப்படித்தான் செய்கிறார்களாம். அதற்குமேல், இன்ஜினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ விசிறியும் வேகமெடுக்க ஒரு நொடி எடுக்குமாம்.

அவன் சொல்லி, மிதிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினேன். லாரி உடனே துள்ளியது. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அணைக்கட்டு வளைவில், மழை ஈரத்தில், கால்விரல் பட்டதற்கே துள்ளிப் பின்சக்கரம் வழுக்கியது. கழற்றி எறிந்துவிட்டேன். அந்தப் பெட்டி இன்ஜினுக்குப் புதுப் பலம் எதுவும் தரவில்லை. நான் லேசாக மிதித்ததைப் பலமாக மிதித்ததாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொன்னது, அவ்வளவுதான். நின்ற இடத்து யோசனை அப்படியே இருந்தது.

"இவ்வளவு நேரம் யோசிக்கக் கூடாதேம்மா" என்று கமெனுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் பூசி, என்னை மிதிக்கச் சொன்னான். அடிப்பக்கம் குபுகுபுவென்று நுரை. வெடிப்பு! சும்மா இருக்கும்போது மூடிக்கொள்கிறது, காற்று அமுங்கியதும் வாயைத் திறக்கிறது. பழைய வெடிப்பு, ஸ்தோயில், நாம் வாங்கும்போதே இருந்திருக்கும். ஓரமெல்லாம் எண்ணெய் படிந்து கறுத்துக் கிடந்தது.

அவன் உடனே மாற்றப் போனான். நான் பொறு என்றேன். நேராக ரங்கேலின் ரொட்டிக்கடைக்குப் போனேன்.

விபத்துக்குப் பிறகு அந்தப் படியை நான் மிதித்ததில்லை. அவன் இப்போதும் இடது காலைச் சாய்த்துத்தான் நடக்கிறான். விஷயத்தைச் சொன்னதும் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே, "உன் புருஷனுக்கு வக்காலத்து வாங்க வந்தியா?" என்றான். "இல்ல, நீயே வந்து மிதிச்சுப் பாரு" என்றேன். ஏப்ரனைக் கழற்றிவிட்டுக் கூடவே வந்தான்.

திடலில் அவனை ஓட்டும் இருக்கையில் ஏற்றினேன். கியர் தானாக மாறும் வண்டிதானே, வலது கால் போதும். மிதித்தான். லாரி யோசித்தது. மறுபடி மிதித்தான். மறுபடியும். அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அப்போ அவன் தூரம் பார்த்துத்தான் மிதிச்சிருக்கான்" என்றான். எனக்குப் புரியவில்லை. "ரொட்டிக்காரன்தானே, பிரேக் போடுவான்னு திமிரா நுழைஞ்சான்னுதான் இத்தனை நாள் நெனச்சேன். காலு வலிச்சதைவிட அதுதான் வலிச்சுது" என்றான்.

பழி முழுவதும் குழாய்மேல்தான் என்று எழுதினால் நீயே நம்பமாட்டாய். புதுக் குழாய் போட்ட பிறகும் லாரி கொஞ்சம் யோசிக்கத்தான் செய்கிறது. வாங்கிய வாரத்திலேயே, கம்பிக்குப் பழகிய காலோடு நீ சாலையில் ஏறினாய். ஆனால் உன் கால் மரத்துப்போகவில்லை. நீ பார்த்தாய், மிதித்தாய். அது மட்டும் எனக்கு இப்போது நிச்சயம்.

ஈஸ்டருக்கு வா. எந்தப் பேருந்து என்று மட்டும் எழுது. ரங்கேலும் என்னோடு லாரியில் நிலையத்துக்கு வருகிறானாம். திரும்பும்போது யார் ஓட்டுவது என்று அவனே கேட்டான். அந்தப் பதிலை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
ஸ்லாட்கா