பத்துக்குப் பதினொன்று

மார்ச் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் பயந்தாங்கொள்ளி எழுதுகிறேன். அண்ணியும் பிள்ளைகளும் சுகம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் படி ஏறி ஏறி முழங்காலைத் தேய்த்துக்கொண்டான் என்றால் ஊர் சிரிக்காதா?

போனில் ஏன் பேசுவதில்லை என்று கேட்டிருந்தாய். திரையைப் பார்த்தால் என் கண்ணுக்கு ஆகாதாம். கண்ணாடிக் கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான். போனை அவரே வைத்துக்கொண்டார். டிவியையும் துணி போட்டு மூடியாயிற்று. கடிதம் மட்டும் எழுதலாம். நான் எழுதியதை அவர் ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தபாலில் சேர்க்கிறார். உன் கடிதம் வந்தாலும் அவர்தான் பிரித்துப் படித்துக் காட்டுகிறார். நல்ல குரல் அவருக்கு.

டிவி இல்லாததால் பழைய படங்களை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் ஒன்று நீ இல்லாமல் பார்த்தது. கொரியப் படம், பெயர் மறந்துவிட்டது. ஒன்பதாவது மாடியில் ஒரு மனைவி. அதே கட்டடத்தின் வாசலில் அவள் கணவனின் பூக்கடை. கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. யார் வெளியே போனாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். மதியம் ஒரு மணிக்கு அவன் கடையைப் பூட்டிக்கொண்டு லிஃப்டில் சாப்பிட வருவான். லிஃப்ட் சத்தம் கேட்டதும் அவள் ஓடிப் போய்ச் சன்னலைச் சாத்துவாள்.

அவன் அடிக்க மாட்டான், திட்டவும் மாட்டான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மெதுவாகக் கேட்பான்: "இன்னைக்கு என்ன பார்த்தே? யாரு வந்தா? சன்னல் ஏன் திறந்திருக்கு?" பதில் பிசகினால் அவளைக் குளியலறைக்குள் விட்டு விளக்கை அணைத்துவிடுவான். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தாள். "அவரா? தங்கமான மனுஷராச்சே!" என்றாள் அவள். சாயங்காலத்துக்குள் விஷயம் பூக்கடைக்குப் போய்விட்டது.

பேயே வராத படம். ஆனாலும் நான் பத்துக்குப் பதினொன்று போடுகிறேன். நம் வழக்கப்படி முடிவைச் சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடித்து எழுது.

உன்,
பயந்தாங்கொள்ளி


மார்ச் 6

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

பத்துக்குப் பதினொன்றா? உன் கணக்கு டீச்சர் கேட்டால் வேலையை விட்டே போய்விடுவார்.

வா, வழிக்கு வந்தாய். எத்தனை நாளாயிற்று உன்னோடு படம் பேசி! என் கருத்தைக் கேள். ஜப்பான்காரன் பயத்தைத் தண்ணீரில் கரைத்து வைப்பான். எங்கோ சொட்டுகிறதே என்று நாமே போய்க் குழாயை மூடிவிட்டு வருவோம். தாய்லாந்துக்காரன் பேய்க்கும் பாசத்தைக் கொடுத்துவிடுவான். நான் பயந்துகொண்டே அழுவேன், உன் அண்ணி என்னைப் பார்த்துச் சிரிப்பாள். கொரியாக்காரன்தான் கல்நெஞ்சன். பயத்தை நம்மோடு ஒரே மேசையில் உட்கார வைத்துச் சோறு போடுவான். மற்றவர்கள் படத்தில் திடீரென்று பூனை குதிக்கும். அது பயமா? தூக்கிவாரிப்போடும், அவ்வளவுதான்.

ஆனால் கதாநாயகி மட்டும் எல்லா நாட்டிலும் ஒரே முட்டாள். நீ சொன்ன படத்தையே எடுத்துக்கொள். கதவு திறந்துதானே கிடக்கிறது? எழுந்து போக வேண்டியதுதானே? இவளை மாதிரி ஆட்கள்தான் கொலைகாரன் துரத்தினால் வாசலுக்கு ஓடாமல் மொட்டை மாடிக்கு ஓடுவார்கள். என்னைக் கேட்டால் அவளுக்குக் கிறுக்கு. அந்த மனுஷன் பாவம், தினமும் சோறு தின்ன வீட்டுக்கு வருகிறான். படத்துக்கு மூன்று மார்க், அதுவும் பூக்கடைக்காக.

முடிவு: பக்கத்து வீட்டுக்காரிதான் பேய். சரியா?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கடை உங்கள் கட்டடத்து வாசலிலேயே இருப்பது எவ்வளவு வசதி! நான் இங்கே நாளுக்கு ஏழு கட்டடம் அலைகிறேன்.

அன்புடன்,
அண்ணா


மார்ச் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறார். காலையில் விட்டால் பொழுது சாயும்வரை எல்லாம் புகைமூட்டம்தான். எனக்குப் பார்வை நன்றாகத்தான் இருந்தது. இனிமேல் கெட்டுப்போகும் என்கிறார். கெடாமல் இருக்கத்தான் மருந்தாம்.

உன் விமர்சனத்தை அவர் படித்துக் காட்டினார். ரொம்பச் சிரித்தார்.

அவளை நீ முட்டாள் என்று எழுதியிருக்க வேண்டாம். கதவு திறந்திருந்தால் போதுமா அண்ணா? ஒருநாள் அவள் கீழே இறங்கிப் போனாள், அதை எழுத மறந்துவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அவன் எழுந்து நின்றான். வேறொன்றும் செய்யவில்லை. அவளாகவே திரும்பி மேலே போய்விட்டாள். அன்றைக்குக் குளியலறை விளக்கு இரவு வரை எரியவில்லை. அந்தக் காட்சியில் எனக்கு மூச்சே வரவில்லை.

பதினொன்று என்று எழுதினேனே, உனக்கு ஒன்றுமே நினைவுக்கு வரவில்லையா? சின்ன வயதில் ரிமோட் யார் கையில் இருந்தது என்று யோசித்துப் பார்.

உன்,
பயந்தாங்கொள்ளி

மச்சானுக்கு: உங்கள் தங்கை இந்தப் படத்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள். பெயரைக் கேட்டால் தெரியவில்லை என்கிறாள். முடிவையும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அந்தப் பூக்கடைக்காரனுக்குக் கடைசியில் என்ன ஆகிறது? உங்களுக்குத் தெரிந்திருந்தால் எழுதுங்கள்.


மார்ச் 14

அன்புள்ள பயந்தாங்கொள்ளிக்கு,

உன் படம் கிடைத்துவிட்டது! தேடிப் பிடித்து முழுவதும் பார்த்தேன். பெயர் ‘மழை விட்ட மதியம்’. மாப்பிள்ளை, உங்களுக்காக நம் வழக்கத்தை மீறி முடிவைச் சொல்கிறேன். பூக்கடைக்காரருக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் அந்தப் பெண்ணின் மனப்பிரமை. கடைசிக் காட்சியில் இருவரும் சேர்ந்து கடைக்குப் பூக்கட்டுகிறார்கள். சுபம்.

குட்டி, நீ ஒரு பாத்திரத்தை எழுதாமல் விட்டுவிட்டாய். அந்தப் பெண்ணுக்கு ஒரு அண்ணன் உண்டு. சின்ன வயதில் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து இருவரும் பேய்ப்படம் பார்ப்பார்கள். பயமா என்று கேட்டால் தங்கை ஒத்துக்கொள்ளவே மாட்டாள், அத்தனை ரோஷம். தாங்க முடியாமல் போனால் ஒரே ஒரு வார்த்தை சொல்வாள். அண்ணன் ஏன் என்று கேட்காமல் டிவியை அணைத்துவிடுவான். வளர்ந்த பிறகு ஒருநாள் அவள் அதே வார்த்தையைச் சொல்கிறாள். அந்தத் தடியன் சிரிக்கிறான். சிரித்துவிட்டு நாலு நாள் நன்றாகத் தூங்குகிறான். படத்திலேயே எனக்குப் பிடிக்காத ஆள் அவன்தான்.

மூன்று மார்க்கைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவள் முட்டாள் இல்லை.

இருபத்து மூன்றாம் தேதி, வியாழக்கிழமை எனக்கு விடுப்பு. சரியாக மதியம் ஒரு மணிக்கு அதை இன்னொரு முறை பார்க்கப் போகிறேன். நீயும் அதே நேரத்தில் மனசுக்குள் ஓட்டிப் பார், சேர்ந்து பார்த்த மாதிரி இருக்கும். அதில் எனக்குப் பிடித்த இடம், தினமும் கேட்கிற சத்தம் பாதியில் நிற்குமே, அது. அங்கே மட்டும் அந்தப் பெண் புத்திசாலி. பையைத் தேடவில்லை, செருப்பைத் தேடவில்லை. மொட்டை மாடிக்கும் ஓடவில்லை. அந்த இடத்தில் கண்ணை மூடிவிடாதே.

அன்புடன்,
அண்ணா


மார்ச் 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தை அவர் இரண்டு தடவை படித்துக் காட்டினார். முடிவு அவருக்குப் பிடித்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் மருந்தைக் கூட்டப் போகிறாராம். அதனால் இனி எழுத முடியுமோ என்னவோ.

வியாழக்கிழமை நானும் பார்க்கிறேன். பதினொன்று.

உன்,
பயந்தாங்கொள்ளி

மச்சானுக்கு: நானும் ஒரு மணிக்குச் சரியாக வீட்டுக்கு வந்துவிடுவேன். சேர்ந்தே பார்க்கிறோம்.


மார்ச் 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

பெரிய பெரிய எழுத்தாக எழுதுகிறேன், நாலு தாள் ஆகிவிடும்போல் இருக்கிறது. அண்ணியின் தோழி நர்ஸ் அக்கா தன் வீட்டில் என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. கண் டாக்டர் பார்த்தார். மருந்தை நிறுத்தியதால் இடது கண் தேறிவிடும் என்றார். வலது கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

நீ அன்று மேலே லிஃப்ட் மெஷின் அறையில் இருந்தாய். படியில் நடந்தது உனக்குத் தெரியாது. அண்ணியிடமும் சொல்லவில்லை.

காலையிலேயே மருந்து விட்டிருந்தார். ஒரு மணிக்கு லிஃப்ட் சத்தம் கேட்டது. வழக்கம்போல் சன்னலைச் சாத்தப் போனேன். பாதியில் நின்றது. நீ என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அங்கேயே நின்றேன் அண்ணா. சுவரைப் பிடித்துக்கொண்டு, சோறு ஆறிவிடுமே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் புத்தி போன போக்கைப் பார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மாடிக்குப் பதினெட்டுப் படி. எதுவும் தெரியவில்லை, வெளிச்சம் இருக்கிற பக்கமும் இல்லாத பக்கமும் மட்டும் தெரிந்தது. ஒன்பதாவது மாடியிலிருந்து மூன்று மாடி இறங்கியிருப்பேன், லிஃப்ட் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"யாரு படியில? ... நீயா?"

என் காலடியை அவருக்குத் தெரியும். நான் நின்றுவிட்டேன்.

"நீதான்னு தெரியும். லைட் போயிடுச்சு. உள்ள ஒரே இருட்டு. எனக்கு மூச்சு முட்டுது. போயிடாதே. சும்மா பேசிக்கிட்டாவது இரு."

அவர் குரல் நடுங்கி நான் கேட்டதே இல்லை. குளியலறைக்குள்ளிருந்து நான் அவரிடம் சொன்ன வார்த்தைகள் அதேதான். எனக்குப் பாவமாக இருந்தது. கதவில் கை வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அங்கேயே இருந்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். நீ எனக்காக எழுதிய காட்சியில் இது இல்லை.

பிறகு கேட்டேன், "என்ன பார்க்கிறீங்க?"

"ஒண்ணும் தெரியலையே" என்றார்.

"எனக்கும்தான்" என்றேன். இறங்கிவிட்டேன். மீதிப் படியெல்லாம் அவர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடையின் கண்ணாடியைத் தாண்டும்போது உள்ளே யாரும் இல்லை என்று தெரியும், ஆனாலும் யாரோ எழுந்து நிற்பது போலவே இருந்தது. வாசலில் அண்ணி கையைப் பிடித்ததும் கத்திவிட்டேன், அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அவரை எப்போது வெளியே விட்டாய் என்று உன்னைக் கேட்க மாட்டேன். நீயும் சொல்லாதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு அன்பாக எழுத எனக்கு வராது. நீ மூன்று மார்க் போட்ட கடிதத்தை அவர் மூன்று நாள் தொடர்ந்து படித்துக் காட்டினார், அந்த நல்ல குரலில். "உங்க அண்ணனே சொல்றான் பாரு, கிறுக்குன்னு" என்றார். அந்த மூன்று நாளும் நான் உன்னை வெறுத்தேன். நீ வந்தாய், எனக்குக் கண்ணைக் காப்பாற்றிக் கொடுத்தாய். ஆனால் அந்தக் குரலில் உன் வார்த்தைகள் இன்னும் கேட்கின்றன. அது போக நாளாகும். அதுவரை எனக்கு நீ படத்தைப் பற்றி எழுத வேண்டாம். முழங்கால் வலியைப் பற்றி எழுது, பிள்ளைகளின் சேட்டையை எழுது.

இந்தக் கடிதத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை. நானே ஒட்டினேன். தபால் பெட்டி தெருமுனையில் இருக்கிறது. கூட வருகிறேன் என்றார் நர்ஸ் அக்கா, வேண்டாம் என்றுவிட்டேன். வழியில் ஒரு கடை இருக்கிறது, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. நேற்று அதுவரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இன்று தாண்டிப் பார்க்கப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருந்தால் தாண்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

பயம் இப்போது பத்துக்குப் பத்து. அணைக்க வேண்டாம் அண்ணா.

உன்,
பயந்தாங்கொள்ளி